வைக்கோல் கூடையில் வேகும் சோறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுப்பில் கொதித்த சோற்றுப் பானையை இறக்கி வைத்து, அதன் சூட்டிலேயே வேகவிடும் கூடை ஒன்று செய்திருக்கிறேன். அதற்காகத் தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு கட்டு வைக்கோல் எடுத்து வைத்தேன். குறுவை வைக்கோல் மழையில் நனைந்துவிடும். இதற்கு நன்றாகக் காய்ந்ததுதான் வேண்டும். மூங்கில் கூடையில் சுற்றிலும் அரைச் சாண் கனத்துக்கு அழுத்தி அடைத்து, நடுவில் பானை உட்காரக் குழி விட்டேன்.

புழுங்கலரிசியை ஊறவைத்து, அளவுத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு கூடையில் இறக்கி, மேலே வைக்கோல் தலையணையும் பழைய கம்பளியும் போடுகிறேன். வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது. ஒரு மணி நேரத்தில் சோறு பதமாகிவிடுகிறது. அடுப்பு எரிவது அந்தப் பத்து நிமிடம்தான்! முதல் நாள் பொறுக்காமல் நடுவில் திறந்து பார்த்தேன், நறுக்கரிசியாக நின்றுவிட்டது. பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆறிவிடும். அப்புறம், சோறோ பருப்போ எதை வைத்தாலும், 60 டிகிரிக்குக் கீழே ஆறியதைக் கூடையிலேயே விடக் கூடாது, கெட்டுவிடும்.

எங்கள் ஊர் வைக்கோல் உருளை உருளையாக லாரியில் போகிறது. ஆளுக்கு ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்துவையுங்கள். கூடை கட்டும் முறையைப் படத்தோடு தங்கள் பெண்கள் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவையாறு