செயலாளர் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, அங்கத்தவர்களே,

சென்ற ஆண்டின் பணிகள் பற்றிய அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்ட மாதத்தைத் தவிர, நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன; விரும்பியவர்கள் எடுத்துப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். நமது மூத்த அங்கத்தவர் ஒருவரை இவ்வாண்டு இழந்தோம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வண்டியை அவரைப்போல நேராகத் தள்ள இன்னும் ஒருவரும் பழகவில்லை. அவரது குடும்பத்தாருக்குச் சபையின் அனுதாபத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்வாண்டு குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது மைதான விவகாரம்தான். சென்ற பொதுக்கூட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெகிவளை, வத்தளை அணிகள் ஆடும், ஆளை வீழ்த்தாமல் கையால் தொட்டே நிறுத்துகிற நமது தொடு றக்பிச் சுற்றுப்போட்டியைப் பெரிய அரங்கு ஒன்றில் நடத்தினால்தான் மதிப்பு என்று ஒரு பக்கம் பேசியது. ஆட்களால் நிரம்பக்கூடிய சிறிய மைதானமே போதும் என்று மறுபக்கம் பிடிவாதமாக நின்றது. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம். உலக அளவில் போட்டி நடத்துகிறவர்கள் மைதானங்களை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று ஆராய்ந்துவிட்டு முடிவெடுப்போம் என்று தலைவர் சொல்ல, ஓர் உபகுழு அமைந்தது. றக்பி லீக் உலகக் கிண்ணத்தை அது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. மாதாந்த உரைகளும் அதையொட்டியே அமைந்தன.

றக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை; யூனியன் ஆடும் நாட்டில் லீக் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 1891இல் கண்டி கிங்ஸ்வுட் கல்லூரி பாடசாலை றக்பியைத் தொடங்கிய காலம் முதல் நாம் அறிந்தது யூனியன் என்பது உண்மைதான். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் வீரருக்கு இழந்த கூலியைக் கொடுப்பதா என்ற சண்டையில், 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோனதிலிருந்து வந்தது லீக். 1906 முதல் அது பதின்மூவர் ஆட்டம். நாம் ஆடும் தொடு றக்பியோ 1960களில் தெற்கு சிட்னியில் லீக் வீரர்களின் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. அந்த வகையில் இது நமக்கு அந்நியமல்ல. மேலும், லீக்கின் தலைமைப்பீடத்திடம் பெரிய பணம் கிடையாது. ஒவ்வோர் உலகக் கிண்ணத்துக்கும் இடமும் உத்தரவாதமும் தேடி அலைகிறார்கள். நமது நிலைமைக்கு அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது.

உபகுழு முதலில் தோல்விகளை எடுத்துக்கொண்டது. அதைப் பாராட்ட வேண்டும். 1972இல் லியோன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் 10–10 என்று சமநிலையில் முடித்தன. பார்க்க வந்தவர்கள் 4,231 பேர். அதே பிரான்சில் 1954இல் நடந்த முதல் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குப் பாரிஸில் முப்பதாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். அன்று ஆடியது பிரான்ஸ். 1972இல் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் வெளிநாட்டவை. லியோனோ லீக் வேரூன்றிய தென்மேற்குப் பகுதியிலிருந்து தள்ளி இருக்கும் ஊர். சொந்த அணி வராவிட்டாலும் ஆட்டத்தைப் பார்க்க வரக்கூடிய ஊர் எது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது.

உரைகளில் அதிகம் பேசப்பட்டது 2000ஆம் ஆண்டுப் போட்டி. இங்கிலாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து, பிரான்ஸ் என்று ஆட்டங்களை அகலமாகப் பரப்பினார்கள். தொடக்க ஆட்டத்தை லண்டனில், யூனியனின் கோட்டையான ட்விக்கனமில் வைத்தார்கள். அன்று மழை. பதினொரு நாட்களுக்கு முன்புதான் ஹட்ஃபீல்டில் ரயில் விபத்து நடந்து, நாடு முழுவதும் ரயில்களின் வேகம் குறைக்கப்பட்டிருந்தது. வடக்கிலிருந்து ரசிகர்கள் எப்படி வந்து சேர்வார்கள்? மன்செஸ்டரின் ஓல்ட் ட்ரஃபோர்டில் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய இறுதியாட்டத்துக்கு 44,329 பேர் வந்தார்கள். 2013இல் அதே அரங்கில், அதே இரண்டு அணிகள் ஆடிய இறுதியாட்டத்துக்கு 74,468 பேர். அரங்கு மாறவில்லை, அணிகளும் மாறவில்லை. இறுதிநாள் வரை ஆட்டங்களை எந்த ஊர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் மாற்றம் இருந்தது என்பது உபகுழுவின் கருத்து. என் கருத்தும் அதுவே.

2013இல் ஃபிஜிக்கும் அயர்லாந்துக்கும் நடந்த ஆட்டம் ரொச்டேல் என்ற சிறிய நகரத்துக்குப் போனது. 1960களின் தொடக்கத்தில் ரொச்டேல் கழகம் ஃபிஜியிலிருந்து வீரர்களை அழைத்து வந்து ஆடவைத்தது. அந்த உறவு ஊரில் மறக்கப்படவில்லை. 2017இல் டொங்கா, நியூசிலாந்தை 28–22 என்று வீழ்த்திய ஆட்டம் ஹமில்டனில் நடந்தது. அடுத்து டொங்கா இங்கிலாந்தோடு ஆடிய அரையிறுதி ஒக்லாந்துக்குப் போனது. டொங்காவிலிருந்து குடியேறியவர்கள் அங்கே ஏராளம். அரங்கு முழுவதும் சிவப்புச் சட்டையாகத்தான் இருந்தது. அதே ஆண்டு போர்ட் மோர்ஸ்பியில் ஏறக்குறைய பதினையாயிரம் பேர் கொள்ளும் சிறிய அரங்கைப் பப்புவா நியூகினியாவுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஆடிய மூன்று குழு ஆட்டங்களிலும் அது வென்றது. ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நம்மவர் விழா எடுத்தால் மண்டபம் கொள்ளாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கூட்டம் மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. 2017இல் லீக் கழகங்கள் மிகுந்த சிட்னிக்கு ஒரு காலிறுதிகூடக் கிடைக்கவில்லை. டார்வினுக்குக் காலிறுதி கிடைத்தது. இறுதியாட்டம் பிரிஸ்பேனுக்குப் போனது. அவுஸ்திரேலியாவில் பெரிய போட்டிகளுக்கு மாநில அரசுகள் ஏலம் கேட்பதுபோலப் பணம் வைக்கின்றன, வைத்தவருக்கு ஆட்டம். இங்கிலாந்திலும், 2022இல் அங்கே நடந்த உலகக் கிண்ணத்துக்காக அரசு 2 கோடியே 50 இலட்சம் பவுண் ஒதுக்கியபோது, பெரும்பாலான ஆட்டங்கள் வடக்கில் நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. வேர்க்கிங்டன் நகரத்துக்கு ஆட்டங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2019இல் உள்ளூர்ச் சபையில் ஆட்சி மாறி, புதிய அரங்குத் திட்டம் கைவிடப்பட்டதும் அந்த ஊரின் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் பிரான்ஸ். 2025 உலகக் கிண்ணம் 2022 ஜனவரியில் அந்நாட்டுக்கு வழங்கப்பட்டது. அப்போதைய பிரதமர் ஜோன் கஸ்டெக்ஸ் உறுதியாகப் பின்னால் நின்றார். அரசு மாறியது, நட்டம் வந்தால் யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தது. அரசு கேட்ட நிதி உத்தரவாதத்தைக் கொடுக்க ஏற்பாட்டாளர்களால் முடியவில்லை. 2023 மே மாதத்தில் பிரான்ஸ் விலகியது. உலகக் கிண்ணமே ஓராண்டு பின்தள்ளப்பட்டு, 16 அணிகள் 10 ஆகக் குறைந்து, 2026 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவில் தொடங்குகிறது. பிரான்சில் அரங்குகளுக்கு என்ன குறை? கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லாமல் போனது.

நாட்காட்டியையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் லீக்குக்குத் தேவையான பெரிய அரங்குகள் உதைபந்தாட்டக் கழகங்களுடையவை; அவர்கள் வெளியூர் போகும் நாளில்தான் கதவு திறக்கும். 2022 நவம்பர் 12ஆம் திகதி ஆர்சனல் வெளியூரில் ஆடிய அன்றுதான் அவர்களது எமிரேட்ஸ் அரங்கில் இங்கிலாந்து–சமோவா அரையிறுதி நடந்தது. இறுதியாட்டம் 19ஆம் திகதி. மறுநாள் கத்தாரில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் தொடங்கியது, அதற்காக இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. அளவும் ஒரு சிக்கல். லீக் ஆடுகளம் கோட்டுக்குக் கோடு 100 மீற்றர்; பந்தை ஊன்றும் பகுதிக்கு இரு முனையிலும் குறைந்தது 6 மீற்றர் வேண்டும். பெரிய உதைபந்தாட்டக் களமோ 105 மீற்றர். மிகுதியை விளம்பரப் பலகைக்கு முன்னால் கிடக்கும் புல்லில்தான் எடுக்க வேண்டும்.

இனி நம் மைதானங்கள். உபகுழு அளவு நாடாவுடன் போய்ப் பார்த்தது. நானும் உடன் போனேன். தொடு றக்பிக்கு 70 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் போதும். பெரிய அரங்கில் இரண்டு களம் போடலாம், மின்விளக்கு உண்டு, பார்வையாளர் மேடை பளபளக்கிறது. ஆனால் வாடகையையும் பிணைப்பணத்தையும் முழுவதுமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். மழையால் ஆட்டம் நின்றால் ஒரு சதமும் திரும்பாது. படிவத்தைக் கையில் தந்த உத்தியோகத்தரிடம் பொருளாளர், “ஒக்டோபரில் கொழும்பில் மழை வராது என்று எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சிறிய மைதானத்தில் தென்மேற்கு மூலையில் மதில் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. பந்தோடு பாய்கிற பையன் அதில் மோதுவான். அங்கே கோட்டை மூன்று மீற்றர் உள்ளே இழுத்துப் போடலாம் என்று காவலாளி ஐயாவே காட்டித் தந்தார். அதன் பிறகும் 70 மீற்றர் கிடைக்கிறது. முதல் நாள் பெய்த மழைநீர் நடுவில் நிற்கவில்லை, ஓரக் கானில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் உடைமாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. அறைக்குள் போய்ப் பார்த்துச் சொன்னவர் உபகுழுவில் இருக்கும் நமது பெண் அங்கத்தவர். எங்களில் வேறு யாருக்கும் அந்தக் கதவைச் சாத்திப் பார்க்கத் தோன்றவில்லை. தாழ்ப்பாள் இப்போது போடப்பட்டுவிட்டது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் இறங்கி நடந்தே வரலாம். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பிள்ளைகளுக்குத் தூரம்தான். அவர்களுக்கு வான் ஒழுங்கு செய்யும் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் பெரிய அரங்கின் வாடகையை எட்டவில்லை.

ஒக்டோபரில் மகளிர் கிரிக்கெட் உலகக் கிண்ண ஆட்டங்கள் பிரேமதாச அரங்கில் ஒன்றன்பின் ஒன்றாக மழையில் கைவிடப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். பாகிஸ்தான் தன் ஆட்டங்களை இந்தியாவில் ஆடாது என்பதால் அவை கொழும்புக்கு வந்தன. அரசியல் தெரிவு செய்த இடத்துக்கு வானிலையைக் கேட்க நேரமிருக்கவில்லை. அதன் பிறகு பெரிய அரங்குக்காகப் பேசியவர்களின் குரல் கொஞ்சம் தணிந்தது. நமது போட்டியை நவம்பர் கடைசி வார இறுதிக்கு, சிறிய மைதானத்தில் வைத்தோம். டித்வா புயல் வந்தது. களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மலையகத்தில் மண் சரிந்தது. போட்டியை நிறுத்தினோம். சிற்றுண்டிக்கும் கேடயங்களுக்கும் ஒதுக்கிய பணம் உலர் உணவாகவும் போர்வையாகவும் போனது. விபரம் பொருளாளரின் அறிக்கையில் இருக்கிறது. மைதானத்துக்குக் கட்டிய முற்பணம், நாம் கேட்காமலே முழுவதுமாகத் திரும்பி வந்தது.

ஆகவே உபகுழுவின் சிபார்சை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. 2026 போட்டி அதே சிறிய மைதானத்தில், கொழும்பில் ஒக்டோபர், நவம்பரைவிட மழை குறைந்த மார்ச் மாதத்தில் நடைபெறும். நட்டம் ஏற்பட்டால் ஈடு செய்வதாக அங்கத்தவர் மூவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே இடம் பதிவு செய்யப்பட்டது. இனி வரும் குழுக்களும் இந்த ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும் என்று யாப்பில் ஒரு வரி சேர்க்கப் பிரேரணை வருகிறது. பெரிய அரங்கை விரும்பும் நண்பர்கள் அதற்கான உத்தரவாதக் கடிதத்தோடு வந்தால் குழு மறுக்காது.

மற்றவை சுருக்கமாக. இங்கிலாந்து–அவுஸ்திரேலியா றக்பி லீக் ஆஷஸ் தொடரின் மூன்று ஆட்டங்களையும் பெரிய திரையில் பார்த்தோம். வெம்ப்ளி, லிவர்பூலில் எவர்ட்டனின் புதிய அரங்கு, பிறகு லீட்ஸின் ஹெடிங்லி என்று வைத்திருந்தார்கள். மூன்றிலும் சிறியது ஹெடிங்லி. சத்தம் அங்கேதான் அதிகம் என்று சிறுவர்கள் தீர்ப்பளித்தார்கள். மூன்றையும் வென்றது அவுஸ்திரேலியா. உலகக் கிண்ணம் பார்க்க அவுஸ்திரேலியா போக விரும்புகிறவர்கள் விசா அலுவலைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கக் கடிதத் தலைப்பில் சிபார்சுக் கடிதம் தரப்பட மாட்டாது. நூலகத்தில் இரவல் போன நூல்கள் பல திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

மண்டபத்தைச் சலுகை வாடகைக்குத் தந்தவர்களுக்கும், வெள்ள நிவாரணப் பொதிகளைக் கட்ட இரவிரவாக உழைத்த இளைஞர்களுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி. மார்ச் போட்டிக்கான அணிப் பட்டியல்களை இம்மாத முடிவுக்குள் தர வேண்டும். கோடு போடும் வண்டிக்கு ஒரு தொண்டர் தேவை. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6