கானாடுகாத்தானில் ஆடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் குறுக்கெழுத்தில் 'தமிழகத்தின் தலைநகர் (3)' போன்ற பொது அறிவுக் கேள்விகள்தான் நிறைந்திருக்கின்றன (அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை). தெரிந்தவர் அரை நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார். தெரியாதவர் எவ்வளவு யோசித்தாலும் பயனில்லை. வாரம் நாலைந்து சொல்விளையாட்டுக் குறிப்புகளையாவது கலந்து தர வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம்.

அத்தகைய குறிப்பில் இரண்டு பங்கு உண்டு. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதி, அந்தச் சொல்லைக் கட்டும் வழி. 'வேலைக்குப் பின் மாலைப் பலகாரம் (5)' என்று கொடுத்தால், வேலை விட்டு வந்து தின்னும் வடையும் பஜ்ஜியும்தான் முதலில் நினைவுக்கு வரும். நேர்ப்பொருள் 'பலகாரம்' மட்டுமே. வேலை என்றால் பணி. மாலை இங்கே பொழுதல்ல, கழுத்தில் போடும் ஆரம். பணிக்குப் பின் ஆரம் வந்தால் பணியாரம். 'மாலைப்' என்பதிலுள்ள 'ப்' வாக்கியத்துக்காக வந்த ஒற்று. அதை விடையில் தேடக் கூடாது. புதிதாக அவிழ்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

சொல்லை உள்ளே ஒளிப்பது இன்னொரு வகை. 'ஆத்தங்குடிக்குள்ளே இராப்பொழுதைக் கழி (3)': ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்தால் நடுவில் 'தங்கு' கிடைக்கும். 'கழி' ஏவல், 'தங்கு'வும் ஏவல். இந்தப் பொருத்தம் தவறினால் குறிப்பு சரியில்லை என்று தள்ளிவிடலாம். ஆனால் 'கானாடுகாத்தானில் மேய்வது (2)' என்று போட்டு 'ஆடு' என விடை சொல்வது அழுகுணி ஆட்டம். அங்கே இருப்பது 'னா'. அதற்குள் 'ஆ' ஒலியாக இருக்கிறதே தவிர, எழுத்தாக இல்லை. பணியாரத்தில் மட்டும் 'யா' வந்ததே என்பார்கள். அது இரு சொற்களைச் சேர்க்கும்போது புணர்ச்சி விதிப்படி தானாக வரும் உடம்படுமெய். சேர்ப்பதில் புணர்ச்சி செல்லும், ஒளிப்பதில் செல்லாது. இதை முதல் வாரமே அச்சிட்டுவிட்டால் பாதி சண்டை தீரும்.

எழுத்துகளை இடம் மாற்றுவதிலும் உயிர்மெய்யை உடைக்கலாகாது. 'விகாரி புரண்டால் ஆறு (3)' என்பதற்குக் காவிரி: வி, கா, ரி மூன்றும் முழுசாகவே இடம் மாறுகின்றன. 'நடுவே கொறித்த கடலை, அறுபத்து நான்கில் ஒன்று (2)' என்றால், நடுவிலுள்ள 'ட' போய்க் கலை. இதெல்லாம் ஆங்கில ஏடுகளின் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுளும், எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகும் அக்கரச்சுதகமும் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகள், அதாவது சொல்விளையாட்டுப் பாக்கள்தாம்.

கட்டத்துக்கு வருவோம். புள்ளி எழுத்துக்கும் ஒரு கட்டம் தருகிறீர்கள், அது சரியே. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்களை ஓட விடுவதும், 'கலைந்துள்ளது' என்று விடையையே குலைத்துப் போடுவதும்தான் உறுத்துகிறது. இவை கட்டம் போடுபவரின் வசதிக்கு வந்தவை. காரணமும் புரிகிறது. பணியாரம் 'ம்' என்று முடிந்தால், அந்தக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. தமிழில் மெய்யெழுத்து மொழிமுதலாகாது. அதற்குச் சொற்களின் ஓட்டத்தைத் திருப்ப வேண்டியதில்லை. வலது கீழ் மூலையில் பணியாரமும் மேலிருந்து இறங்கும் கோபுரமும் ஒரே 'ம்'மில் முடியட்டும். இடது கீழ் மூலையில் கண்டாங்கி இறங்கி முடியும் 'கி'யில் கிணறு தொடங்கட்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு 15-க்கு 15 கட்டம் தாங்கும். நம் 247-க்கு 9-க்கு 9 போதும். பெரிதாக்கினால் இடுக்குகளை அடைக்க அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்களை இழுத்து வர வேண்டியிருக்கும்.

அவிழ்ப்பவர்களுக்கும் ஒன்று. குறுக்கே வந்த சொல்லால் 'த்' கிடைத்துவிட்டால் அடுத்த கட்டம் த வரிசைதான். க், ச், ப் ஆகியவையும் அப்படியே. சக்தி, சப்தம் போன்ற பிறமொழிச் சொற்களில்தான் இது தவறும். ட், ற் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். காட்சி, முயற்சி என்று வேறு எழுத்தும் தொடரும்.

விடையோடு விளக்கமும் மறுவாரம் வர வேண்டும், குறிப்புக்கு ஒரு வரி போதும். கட்டங்கள் நிரம்பியதால் பணியாரம் என்று எழுதியவருக்கு, அது ஏன் பணியாரம் என்பது அப்போதுதான் தெரியும். இடப் பற்றாக்குறை என்றால், அந்த வரிசையில் இரண்டு பொது அறிவுக் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் போட்டியாக நடத்துவதானால் கடைசித் தேதிக்கு முன்பு விளக்கம் எதுவும் வெளிவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
குறுக்கெழுத்து வாசகர்கள்,
காரைக்குடி.