கட்டைவிரல்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனில் அழுதபோது என்னால் எதுவும் பேச முடியவில்லை, வீட்டில் அவ்வளவு பேர் இருந்தார்கள். "முகத்தைக்கூடப் பார்க்கலையேப்பா" என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. டிக்கெட் கிடைத்திருந்தாலும் பெர்லினிலிருந்து நீ வந்து சேர்வதற்குள் எடுத்திருப்பார்கள். அதை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நேற்றுதான் அத்தைக்குக் கருமாதி முடிந்தது.

உனக்கு அத்தை என்றால், லீவுக்குக் காடாம்புலியூர் போகும்போது மடியில் உட்கார வைத்து முந்திரிப் பழத்தை உப்புத் தொட்டு ஊட்டுகிறவள். தொண்டை கரகரத்து நீ இருமினால் சிரிப்பாள். பெரியவர்கள் பேச்சில் நீ குறுக்கே நுழைந்தால், "வந்துட்டா பாரு முந்திரிக்கொட்டை" என்பாள். பழத்துக்கு வெளியே கொட்டை முந்திக்கொண்டு தொங்குவதைக் கிளையை வளைத்துக் காட்டி, உனக்கு வைத்த பேருக்கு அர்த்தம் சொன்னதும் அவள்தான்.

எனக்கு அவள் அக்கா மட்டும் இல்லை. எங்கள் அம்மா போனபோது எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பதினெட்டு. அந்த வருஷமே கொட்டை உடைக்கப் போனாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்கணும், உள்ளே பருப்பு உடையக் கூடாது. முழுப் பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, குருணைக்கு அதற்கும் கீழே. ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் கருத்து, தோல் உரிந்து, புதுத் தோல் வந்து, அதுவும் உரியும். அந்த நாட்களில் அக்கா மோர் சோறு மட்டுமே சாப்பிடுவாள். அதுதான் பிடிக்கும் என்பாள். குழம்பைப் பிசைந்தால் கை எரியும் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

1986-ல் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. பீஸ் கட்டுகிற அன்று அக்காவும் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு. உள்ளே வா அக்கா என்று நான் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

மாமா விட்டுப்போன முக்கால் ஏக்கர் முந்திரி உனக்கு நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்து முடித்தபோது அதில் ஒரு மரம் நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்து ஆம்பளைகளே அழுதார்கள். அடுத்த மாதம் நான் போனபோது அக்கா திண்ணையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டை. "மரம் சாஞ்சா என்னடா, கொட்டைதான் கப்பல்ல வருதே" என்றாள்.

அப்புறம் ரேஷன் கடையில் ரேகை வைக்கச் சொன்ன காலம். அவள் கட்டைவிரலை எத்தனை முறை அழுத்தினாலும் அந்த மெஷின் ஏற்காது. துடைத்துவிட்டு வை, தேய்த்துவிட்டு வை என்பார்கள். ரேகை இருந்தால்தானே! வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. பின்னால் கண்ணைக் காட்டுகிற கருவி வந்தபோது, "உழைச்ச கையை நம்பல, பார்த்துக்கிட்டிருந்த கண்ணை நம்புறாங்க" என்றாள்.

அஸ்தியைத் தேவனாம்பட்டினம் கடலில்தான் கரைத்தோம். போகிற வழியில் கல்லூரி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். உன் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. பானையோடு இறங்கி, கேட்டைத் தாண்டி உள்ளே நாலு அடி வைத்து நின்றுவிட்டு வந்தேன்.

நேற்று படையலில் எல்லாரும் வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த வெற்றிலை என்று வைத்தார்கள். நான் கால் கிலோ முழுப் பருப்பு வாங்கி இலையில் வைத்தேன். ஐம்பது வருஷம் உடைத்தவள், ஒரு முழுப் பருப்பை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. குருணையைத்தான் மெல்லுவாள்.

அவள் புடவைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டோம். கொட்டை உடைக்கிற கட்டையை மட்டும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். பிடிக்கிற இடத்தில், கட்டைவிரல் அழுந்துகிற பக்கம், நன்றாகக் குழிந்திருக்கிறது. தை மாசம் வரும்போது எடுத்துக்கொண்டு போ.

நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி எழுதச் சொன்னாள் அம்மா.

அன்புடன்,
அப்பா