121 தோல்விகளையும் வீரர்களின் தலையில் கட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றி அண்மையில் ஒரு பெட்டிச் செய்தி வெளியாகியிருந்தது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் 162 ஆட்டங்களில் 121-ல் தோற்று இந்த அணி 'வரலாற்றிலேயே மிக மோசமான அணி' என்ற பெயரைப் பெற்றது என்றும், வீரர்கள் ஆடவே மறந்துவிட்டார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. 2005-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சிகாகோவுக்கு வேலைக்கு வந்தது முதல் இந்த அணியைப் பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில், அந்தச் செய்தியில் ஒரு தகவல் பிழையையும் ஒரு நியாயப் பிழையையும் காண்கிறேன். தகவல் பிழை சிறியது. நியாயப் பிழைக்காகவே இவ்வளவு நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

1901-க்குப் பிந்திய நவீன காலத்தை மட்டும் கணக்கில் கொண்டால் 121 தோல்விகள் என்பது சாதனைதான். 1962-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் மெட்ஸ் அணி தன் முதல் ஆண்டிலேயே கண்ட 120 தோல்விகளை அது தாண்டிவிட்டது. ஆனால் 1899-ல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்ற அணி 20 ஆட்டங்களில் மட்டும் வென்று 134-ல் தோற்றிருக்கிறது. அந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பைடர்ஸ் அணியின் உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அணியையும் விலைக்கு வாங்கினார்கள். அங்கே கூட்டம் அதிகம் வரும் என்று கணக்குப் போட்டு, புகழ்பெற்ற பந்தெறிவாளர் சை யங் உள்ளிட்ட நல்ல வீரர்கள் அனைவரையும் அந்த ஊருக்கு மாற்றினார்கள். மிச்சம் மீதி இருந்தவர்களே கிளீவ்லாந்தில் ஆடினார்கள். உள்ளூரில் பார்ப்பதற்கு ஆள் வராமல் போகவே, பெரும்பாலான ஆட்டங்களை வெளியூர்களில் ஆடி, அங்கே மட்டும் 101 முறை தோற்றார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் அணியே கலைக்கப்பட்டது. அந்த 134 தோல்விகளுக்கு மட்டையைப் பிடித்தவர்கள் பொறுப்பா, கணக்குப் புத்தகத்தைப் பிடித்தவர்கள் பொறுப்பா? ஒயிட் சாக்ஸ் விஷயத்திலும் நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

கிரிக்கெட்டோடு வளர்ந்த நம் வாசகர்களுக்கு 121 என்ற எண்ணின் கனம் உடனே புலப்படாமல் போகலாம். பேஸ்பால் பருவம் மார்ச் மாதக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் முடிய ஏறத்தாழ நாள்தோறும் நடக்கிறது. அத்தனை ஆட்டங்கள் நடக்கும்போது அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைக்கப்படுகிறது. ஆகவே எவ்வளவு சிறந்த அணியும் அறுபது ஆட்டங்களைப் போலத் தோற்பதும், எவ்வளவு பலவீனமான அணியும் அறுபதைப் போல வெல்வதும் வழக்கம். 2024-ல் அனைவரையும் விட அதிகம் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியே 64 முறை தோற்றது. அப்படிப்பட்ட விளையாட்டில் ஓர் அணி 41 வெற்றிகளோடு நின்றுபோக வேண்டுமென்றால், அதற்கு ஒரு பருவத்தின் கெட்ட நேரம் போதாது. பல ஆண்டுகள் முனைந்து தவறு செய்திருக்க வேண்டும்.

நான் இங்கு வந்த அந்த ஆண்டில்தான் ஒயிட் சாக்ஸ் 88 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடரை, அதாவது பேஸ்பாலின் இறுதிக் கோப்பையை, வென்றது. நகரின் நடுவே போன வெற்றி ஊர்வலத்தை அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்த விளையாட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. அதன்பின் பத்தாண்டுகளில் அணி மெல்ல மெல்லச் சரிந்து, 2016 டிசம்பரில் நிர்வாகம் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. தலைசிறந்த பிட்சரான (பந்தெறிவாளரான) கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொங்காடாவையும் மைக்கேல் கோபெக்கையும் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு ஹொசே கின்டானாவை இதே ஊரின் மற்றோர் அணியான கப்ஸுக்குக் கொடுத்து எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் வாங்கினார்கள். சில ஆண்டுகள் தோற்றாலும் பரவாயில்லை, இந்த இளைஞர்கள் தேறிவிட்டால் பத்தாண்டுக்குக் கவலை இல்லை என்பது கணக்கு. ரசிகர்கள் ஒப்புக்கொண்டோம். விதைநெல்லை யாரும் வேளைச் சோற்றுக்கு எடுப்பதில்லை அல்லவா?

கணக்கு பாதிவரை பலிக்கவும் செய்தது. 2021-ல் 93 வெற்றிகளோடு அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால், விளைந்த பயிருக்கு உரம் போட வேண்டிய நேரத்தில் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் கையைச் சுருக்கிக்கொண்டார். 2019 தொடக்கத்தில் மேனி மச்சாடோ என்ற முன்னணி வீரரை இழுப்பதற்கு இவர்கள் செய்த முயற்சியை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். முதலில் மச்சாடோவின் மைத்துனர் யோண்டர் அலோன்சோவை அணியில் சேர்த்தார்கள். பிறகு மச்சாடோவின் நண்பர் ஜான் ஜேயைச் சேர்த்தார்கள். மைத்துனரும் தோழனும் வந்து சேர்ந்த பிறகு மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. 10 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் தருவதாகச் சொன்ன சான் டியேகோவுக்கே அவர் போய்விட்டார். இன்றுவரை ஒயிட் சாக்ஸ் ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப்பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஐந்தாண்டு, ஏழரைக் கோடி டாலர் ஒப்பந்தம்தான். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து அணியின் நிலை இது.

பணம் மட்டும்தான் குறை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2020-ல் அணியைப் பருவம் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் சுற்றுக்குக் கொண்டுசென்ற மேனேஜரை (களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளரை) அனுப்பிவிட்டு, 2011-க்குப் பிறகு மேனேஜராக இருந்திராத, 76 வயது டோனி லா ருஸ்ஸாவை உரிமையாளரே முன்னின்று அழைத்து வந்தார். 1986-ல் இதே லா ருஸ்ஸாவை இதே அணி நீக்கிய மனக்குறையை உரிமையாளர் இப்படித் தீர்த்துக்கொண்டார் என்பது ஊரறிந்த செய்தி. 2022 ஜூன் மாதம் டாட்ஜர்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எதிரணியின் மட்டையாளர் ட்ரே டர்னருக்கு இரண்டு ஸ்ட்ரைக்குகள் (அடிக்கத் தவறிய பந்துகள் போன்றவை) ஆகிவிட்டன. இன்னும் ஒன்று விழுந்தால் அவர் ஆட்டமிழப்பார். அந்த நிலையில் அவருக்குப் பந்து எறியாமல் முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களில் முதலாவதற்கு) இலவசமாக அனுப்பிவிடுமாறு லா ருஸ்ஸா கையசைத்தார். அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூன்று ரன் தரும் ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸரைப் போன்ற அடியை) அடித்தார். அந்த ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. 2023-ல் 101 தோல்வி. அதே ஆகஸ்டில், பல்லாண்டு நிர்வாகிகளான கென்னி வில்லியம்ஸும் ரிக் ஹானும் நீக்கப்பட்டார்கள்; வெளியிலிருந்து ஒருவரையும் நிதானமாகத் தேடாமல், அதே அலுவலகத்தில் இருந்த கிறிஸ் கெட்ஸை ஒன்பதே நாளில் அமர்த்தினார்கள்.

இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 2024. மார்ச் மாதம், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், டிலன் சீஸ் சான் டியேகோவுக்குக் கொடுக்கப்பட்டார். பருவத்தின் முதல் இரண்டு வாரங்களிலேயே ஹிமெனெஸ், லூயிஸ் ராபர்ட், மொங்காடா என்று எஞ்சியிருந்த மூன்று தூண்களும் காயத்தில் சாய்ந்தன. முதல் 25 ஆட்டங்களில் வெற்றி மூன்று. தாங்கிப் பிடிக்க அடுத்த வரிசையில் ஆளில்லை; ஏனென்றால் அடுத்த வரிசையை வளர்க்க யாரும் செலவழித்திருக்கவில்லை.

கெட்ட அணிக்கு விதியும் எதிராகத்தான் நிற்கும் போலும். மே 23 அன்று பால்டிமோருக்கு எதிராக, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒயிட் சாக்ஸ் இரண்டு ரன்கள் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் பேஸ்களில், ஒருவரே அவுட். பெனின்டெண்டி அடித்த பந்து ஆடுகளத்தின் நடுவே உயரமாக எழும்பியது. பேஸ்களில் ஆட்கள் நிற்கும்போது இப்படிப்பட்ட எளிய கேட்சுக்கு, பந்து கைக்கு வருமுன்னரே அடித்தவர் அவுட் என்பது விதி. அதே நேரத்தில், பேஸை நோக்கித் திரும்பிய ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்தவரின் வழியில் குறுக்கிட்டார் என்று நடுவர் அவரையும் அவுட் ஆக்கினார். கேட்ச் பிடிக்கப்பட்டது, அந்தக் குறுக்கீட்டால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனாலும் மூன்று அவுட் ஆகிவிட்டதால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த எனக்கு, என்ன நடந்தது என்று விளங்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்போது தொடங்கியிருந்த தோல்விச் சங்கிலி 14 ஆட்டங்கள் நீண்டது. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை மற்றொன்று. அது 21 ஆட்டங்கள். ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் ஒருவழியாக வென்றார்கள். இரண்டு நாள் கழித்து மேனேஜர் பெத்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். 21 தோல்விகளின்போது அசையாத நிர்வாகம், அந்தச் சங்கிலி அறுந்த பிறகு அவரை அனுப்பியது ஏன் என்பதை நான் இன்னும் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருக்கிறேன். கிரேடி சைஸ்மோர் பொறுப்பேற்ற பின்னும் 13 வெற்றி, 32 தோல்வி என்றே கணக்கு முடிந்தது. மேனேஜரை மாற்றினால் தீரக்கூடிய நோய் அல்ல அது.

செப்டம்பர் 24-ஆம் தேதி இரவைப் பற்றித் தங்கள் செய்தியில் ஒரு வரியும் இல்லை. நான் அங்கே இருந்தேன். 120 தோல்விகளோடு அணி ஊர் திரும்பியிருந்தது. இன்னொன்று விழுந்தால் சாதனை. சிவப்புத் தடத் தொடர்வண்டியில் 35-ஆம் தெரு நிலையத்தில் இறங்கியபோது, பல மாதங்களாகக் காணாத கூட்டம். தோல்வியைக் காண வந்த கூட்டம் அது. தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு சிலர். எனக்கு இரண்டு வரிசை முன்னால், வெளிறிப்போன 2005-ஆம் ஆண்டுச் சட்டையில் ஒரு பெரியவர், ஒவ்வொரு பந்தையும் மடியிலிருந்த அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ஏஞ்சல்ஸ் அணி 2-0 என முன்னிலையில் இருந்தது. "அணியை விற்றுவிடு" என்ற முழக்கம் ஒரு மூலையில் தொடங்கி அரங்கெங்கும் பரவியது. அந்த இன்னிங்ஸில் வீரர்கள் மூன்று ரன்கள் எடுத்தார்கள். முழக்கமும் நிற்கவில்லை, கைதட்டலும் கூடியது. பெரியவர் மட்டும் தலை நிமிராமல் குறித்துக்கொண்டே இருந்தார். 3-2 என அன்று வென்றார்கள். அடுத்த இரு நாட்களும் வென்றார்கள். ஆட மறந்த வீரர்கள் செய்கிற காரியமா இது? பருவத்தின் கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தில் வென்றவர்கள் இவர்கள். இடையில் செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் 4-1 என்ற கணக்கில் தோற்ற அந்த ஒரே ஆட்டம்தான் 121-ஆவது தோல்வியாகி, சாதனையாயிற்று. அந்த ஆட்டத்தில் பெற்ற வெற்றியால் டெட்ராய்ட் டைகர்ஸ் பத்தாண்டுகளுக்குப் பிறகு நாக்-அவுட் சுற்றில் நுழைந்தது. 2003-ல் 119 முறை தோற்ற அணி அது. மூன்றே ஆண்டில் உலகத் தொடர்வரை எழுந்ததும் அதே அணிதான். எழ முடியும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை.

தோற்ற அணிக்கு ஆறுதலாக அடுத்த ஆண்டின் சிறந்த இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பாவது கிடைக்கும் என்று சிலர் நினைக்கலாம். அதுவும் இல்லை. வருவாய்ப் பகிர்வுத் திட்டத்தில் பணம் பெறாமல் கொடுக்கும் பெருநகர அணிகள், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் குலுக்கலில் தரப்படும் முன்னணி இடங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற முடியாது என்பது விதி. 2024-ல் அந்த வரிசையில் ஐந்தாம் இடத்தைப் பெற்றுவிட்டதால், 2025-ல் பத்தாம் இடத்துக்கு மேல் இவர்களால் போக முடியாது. பெருநகர அணி என்ற கணக்கில் விதி இவர்களைச் சேர்க்கிறது. செலவழிப்பதில் மட்டும் இவர்கள் தங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. இதே ஆண்டில்தான், நகரின் தெற்கு மையப் பகுதியில் புதிய மைதானம் கட்ட ஏறத்தாழ 100 கோடி டாலர் பொதுப்பணம் வேண்டும் என்று இலினாய் மாநில அரசியல்வாதிகளிடம் உரிமையாளர் தரப்பு பேசத் தொடங்கியது. 1988-ல் அணியை ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லித்தான் இப்போதைய மைதானத்தை அரசிடமிருந்து பெற்றார்கள். நள்ளிரவுக் கெடு தாண்டிவிடாமல் இருக்கச் சட்டமன்றக் கடிகாரத்தை அன்று நிறுத்தி வைத்த கதையை இங்குள்ள பழைய வரி கட்டுவோர் இன்னும் மறக்கவில்லை.

கோபெக் ஜூலையில் டாட்ஜர்ஸுக்குப் போனார். போன வாரம் உலகத் தொடரை வென்ற அணியில் நிற்கிறார். சீஸ், சான் டியேகோவுக்காக ஜூலை 25 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். இங்கே எஞ்சியிருப்பவர் இடக்கை பிட்சர் காரெட் க்ரோஷே. முதன்முறையாக ஆட்டங்களைத் தொடங்கி வைக்கும் பொறுப்பேற்று, 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்க) செய்த இவருக்கு, வெற்றி தோல்விகளைப் பிட்சர் பெயரிலும் எழுதும் பேஸ்பால் கணக்கில் கிடைத்தது 6 வெற்றி, 12 தோல்வி. முதல் ஆட்டத்திலேயே, அவர் அருமையாக எறிந்தும், அணி 1-0 எனத் தோற்றது. இந்தப் பன்னிரண்டையும் அவர் தலையில் தங்கள் செய்தி எழுதிவிட்டது என்பதே என் வருத்தம்.

அவரையும் இந்தக் குளிர்காலத்தில் விற்றுவிடுவார்கள் என்று இங்குள்ள பத்திரிகைகள் எழுதுகின்றன. செப்டம்பரில் க்ரோஷே பெயர் பொறித்த சட்டை ஒன்றை வாங்கிய என் மகன், அதன் விலைச்சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. மார்ச் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிகாகோ,
நவம்பர் 2024