செயலாளரின் ஆண்டறிக்கை, 2018

தலைவருக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதம் தவறாமல் கூடியது. பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், முதியோர் சுற்றுலா எல்லாம் வழமைபோல நடந்தன. ஒன்றுகூடலில் கொத்துரொட்டி பாதியிலேயே முடிந்துபோனது பற்றிய முறைப்பாடுகள் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளன.

இம்முறை அதிகம் சொல்ல வேண்டியது ஏப்ரல் 26 பற்றித்தான். ரொறன்ரோ மாநகரசபை அன்று நடத்திய வீடற்றோர் கணக்கெடுப்புக்கு எங்கள் அங்கத்தவர்கள் சிலரும் தொண்டர்களாகப் போனார்கள். "இது எங்கட வேலையா?" என்று ஒருவர் கேட்டார். இது பூர்வகுடி மக்களின் நிலம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறோம், வாசித்ததோடு சரி. அதனால்தான் போனோம்.

வீடற்றவர்கள் 8,715 பேர் என்று பிறகு அறிவித்தார்கள். நகர மக்கள்தொகையில் பூர்வகுடி மக்கள் அதிகம் போனால் இரண்டரை வீதம். ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் அவர்கள் 16 வீதம், வெளியில் படுத்திருந்தவர்களில் 38 வீதம். தெரிந்தவர் வீட்டு சோபாவில் மாறி மாறிப் படுப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அந்த இரண்டரை வீதமும் சரியா என்பது வேறு கேள்வி. 'அவர் ஹெல்த் கவுண்ட்ஸ்' (Our Health Counts) என்ற ஆய்வைப் பூர்வகுடி அமைப்புகளே முன்னின்று நடத்தின. பதில் சொன்னவர் கையில் சில கூப்பன்கள் கொடுத்து, அவருக்குத் தெரிந்தவர்களை அவரே அனுப்பும்படி செய்தார்கள். அரச குடிசன மதிப்பீடு காட்டியதைவிட 2 முதல் 4 மடங்கு பூர்வகுடி மக்கள் ரொறன்ரோவில் இருப்பதாக அதில் தெரிந்தது.

எங்கள் தொண்டர் ஒருவர் படிவத்தை எடுத்ததும் ஒரு பூர்வகுடி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதில் அதிசயம் இல்லை. படிவத்தோடு வந்தவர்கள்தான் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அரசும் தேவாலயங்களும் நடத்திய விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். கடைசிப் பள்ளி மூடியது 1990களின் பிற்பகுதியில்தான். இன்றும் கனடாவில் வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேல் பூர்வகுடிப் பிள்ளைகள். கொழும்பில் தமிழர் என்பதால் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிய எங்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியாததா?

மெற்றி-க்ரீ பூர்வகுடிகளைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெசி திசில் 2017இல் எழுதிய வரையறையில், பூர்வகுடி மக்களின் வீடின்மை 12 வகை. கூரை இல்லாதது மட்டுமல்ல. நிலம், உறவு, மொழி ஆகியவற்றிலிருந்து பிரிக்கப்பட்டதும் அதில் சேரும். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் மூத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பூர்வகுடி மக்களைப் பற்றி நாங்களே ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம் என்ற பிரேரணை வந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் கைவிட்டோம். தங்களைப் பற்றிய தகவலின் உடைமையும் கட்டுப்பாடும் தங்களிடமே இருக்க வேண்டும் என்பது அவர்கள் 1998இலிருந்து வலியுறுத்தும் கொள்கை. அவர்கள் கூப்பிட்டால் சமையலுக்கும் வாகன ஓட்டத்துக்கும் ஆள் தருவது என்று முடிவாகியது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம்.

அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார். அதில் 'புகையிலை' என்று ஒரு செலவு இருக்கும். பூர்வகுடி மூதாட்டி ஒருவரைப் பேச அழைத்தபோது அவர்கள் முறைப்படி கொடுத்தது அது, நாங்கள் வெற்றிலை வைத்து அழைப்பதுபோல.