பாலத்தடியில் ஒரு பழைய ஆபீஸ்

தக்கலை

அன்புள்ள செல்வராஜ்,

லண்டனில் மகள் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, ‘பின்னால நிக்கிறது என்னலே, அரண்மனையா?’ என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அரண்மனை இல்லை மக்கா, லண்டன் நகர நிர்வாகத்தின் பழைய ஆபீஸ். கவுண்டி ஹால் என்று பெயர். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் ஒரு முனையில் பார்லிமெண்ட், எதிர்க்கரையில் இது. ஆற்றைப் பார்த்த முகப்பு நடுவில் பிறை போல உள்வாங்கி, தூண் தூணாக நிற்கும். 1908-ல் போட்டி வைத்து ரால்ஃப் நாட் என்பவரின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அந்த ஆளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1911-ல் வேலை தொடங்கி, உலகப்போரில் இழுத்தடித்து, 1922-ல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து திறந்து வைத்தும் பாக்கி வேலை 1933 வரை போயிருக்கிறது. நாட் 1929-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். பொதுப்பணித்துறையில் இருந்த உனக்கு இது ஒன்றும் புதுசாக இருக்காது.

எண்பதுகளில்தான் கூத்து. நகரசபைத் தலைவர் கென் லிவிங்ஸ்டன், லண்டனில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்ற கணக்கைப் பெரிய எழுத்தில் கூரைமேல் மாட்டி வைத்தார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கண்ணில் தினமும் படட்டும் என்று. எதிர்க்கரை பார்லிமெண்டில் பிரதமராக இருந்த தாட்சர் அம்மையார் விடுவாரா? 1986-ல் அந்த நகரசபையையே கலைத்துவிட்டார். ஆபீஸ் இல்லை, கட்டடம் மட்டும் மிச்சம். நெல்லையில் சுலோச்சன முதலியார் பாலத்துப் பக்கத்தில் இருக்கிற கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸை ஒருநாள் பூட்டி, லாட்ஜ் கட்டுகிற ஆளுக்கு விற்றால் எப்படி இருக்கும், அப்படி 1993-ல் ஒரு ஜப்பான் கம்பெனிக்குப் போனது.

இப்போது உள்ளே இரண்டு ஓட்டல், கீழே மீன் காட்சிசாலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா நீந்துகிறது, பிள்ளைகள் அலறுகிறார்கள். உறுப்பினர்கள் உட்கார்ந்து சண்டை போட்ட சபை மண்டபத்தில் 2017 முதல் ஒரு கோர்ட் நாடகம் நடக்கிறது. அது எனக்குப் பிடித்தது, கட்டடத்தின் பழைய சுபாவத்துக்குக் கொஞ்சமாவது பொருந்துகிறது.

அப்புறம், பாலத்து முனையில் ஒரு சிங்கம் நிற்கும். கல் என்று நினைத்தேன், கல் இல்லையாம், சூளையில் சுட்ட செயற்கைக் கல். 1837-ல் செய்து, அதே கரையில் இருந்த ஒரு பீர் ஆலையின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். ஆலையை இடித்தார்கள், சிங்கத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வாட்டர்லூ ரயில் நிலையத்துப் பக்கம் கொண்டுபோனார்கள், 1966-ல் பெயின்ட்டைச் சுரண்டி இங்கே நிறுத்தினார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி. 1871-ல் அங்கே வந்தது, இன்றும் ஆஸ்பத்திரிதான்.

ஊருக்கு வந்த பிறகு பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போனேன். 1795-ல் திருவிதாங்கூர் தலைநகர் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனதும் அதற்கும் வேலை போயிற்று. 1956-ல் அரண்மனை இருக்கிற கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தும், அரண்மனை இன்றுவரை கேரளத் தொல்லியல் துறை கையில். அதனால்தான் அந்த மரமும் கறுத்த வழவழப்புத் தரையும் தப்பின, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரையில் இன்று ஒரு இலை விழுவதில்லை, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒருநாளாவது அங்கே பந்தி போட்டால் என்ன கெட்டுவிடும்? விற்க வேண்டாம், வாடகைக்கும் விட வேண்டாம், புழங்க விட்டால் போதும் என்பது என் கட்சி. நீ பழைய கட்டடங்களைப் பார்த்த ஆள், தரை தாங்குமா தாங்காதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. அடுத்த வாரம் வருகிறாய் என்றால் திங்கட்கிழமை வேண்டாம், அரண்மனை அன்று விடுமுறை.

அன்புடன்,
தாசன்