கொழும்பு விகாரையும் ஊட்டிப் பண்டிதரும்

ஆசிரியருக்கு,

உங்கள் பயணப் பகுதியில் வந்த கொழும்பு கங்காராமய விகாரைக் கட்டுரையைப் படித்தேன். பழைய கார்கள், யானைத் தந்தங்கள், பேரா ஏரிக்குள் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த மண்டபம் எல்லாம் அதில் வந்திருக்கின்றன. கோயிலுக்கு வந்தோமா, பொருட்காட்சிக்கு வந்தோமா என்று அங்கே ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் நீலகிரிக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய இடம் விட்டுப்போய்விட்டது. மருதானைப் பக்கம் இருக்கும் மாளிகாகந்தையைத்தான் சொல்கிறேன்.

பிக்குகள் படிக்கும் வித்தியோதய பிரிவெனாவை ஹிக்கடுவே சுமங்கல தேரர் 1873இல் தொடங்கியது அங்கேதான். 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போன தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர், பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானது இந்தத் தேரரிடம். திரும்பி வந்த கையோடு ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அந்தப் பண்டிதர் வளர்ந்தது நம் மலையில். அத்வைதானந்த சபை நடத்தியது இங்கே. 1891இல் அவருடைய திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியதும் ஊட்டியில்தான். இவ்வளவு இருக்க, கார்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவானேன்?

கோத்தகிரி, கூடலூர் பக்கம் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியவை. எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். வீட்டுப் பெரியவர்களுக்குப் பௌத்தம் என்றால் தோட்டத்துக்குக் கீழே சிங்கள ஊரிலிருந்த பன்சாலை என்ற புத்த கோயில், வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகள். கூடவே, 1948இல் குடியுரிமையைப் பறித்த நாடு என்ற கசப்பும். போன முறை கொழும்பில் என் அத்தை, "அது அவங்க கோயில், நீங்க போயிட்டு வாங்க" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பௌத்தத்தில் தமிழருக்கும் பங்குண்டு என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லையே!

போகிறவர்களுக்கு இன்னொன்று: தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தால் அங்கே பெரிய பிரச்சினையாகிவிடும். போயா என்கிற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்திய கூட்டம் அலைமோதும். கூட்டம் ஆகாதவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கொழும்பு இருக்கட்டும். சென்னையில் பண்டிதருக்கு மணிமண்டபம் வந்துவிட்டது. ஊட்டியில் அவர் பெயரில் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தில் நாலு பேராவது நின்று படிப்பார்கள். நகராட்சி ஒன்று வைக்கட்டும். அதற்கு முன்னால், அவருடைய நீலகிரி நாட்களைப் பற்றி உங்கள் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி